மேனேஜருக்கு ஊசி

“இன்னைக்கு ராத்திரி ஒரு கோழியும் காணாமப் போகலைன்னா, காலையில மேனேஜருக்கு ஊசிதான்” என்று மாமா தீர்ப்பே சொல்லிவிட்டார்.

மேனேஜர் அப்போது வெல்டரின் காலடியில் படுத்து, பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டிருந்தார். ஒரு வேலையும் செய்யாமல், பட்டறையில் மற்றவர்கள் வேலை செய்வதை நாள் முழுக்கப் படுத்தபடி பார்ப்பதால் அந்த நாய்க்கு அப்படியொரு பெயர். மாமா சொன்னதோ, போட்டால் எழுந்திருக்காத ஊசி.

வெல்டரோ மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அக்கா, மாமா வீட்டுப் பின்னறையில் ஒண்டிக்கொண்டிருக்கும் மனிதர். வீடோ பட்டறையோ, அவர் பின்னாலேயே வர அந்த நாயை விட்டால் வேறு ஆள் கிடையாது.

கோழி போகாவிட்டால் எதற்கு ஊசி, இதென்ன கூத்து என்று யாருக்கும் தோன்றும். அக்கா வளர்த்த கோழிகள் பதினாலு. பகலெல்லாம் தோட்டம், சந்து, குப்பைமேடு என்று மேய்ந்துவிட்டு, இருட்டினால் விறகுக் குவியலில் ஏறி உட்கார்ந்துவிடும். ஒரே வாரத்தில் மூன்று போய்விட்டன. முதல் கோழி போன அன்றே மாமா மேனேஜரைக் கைகாட்டிவிட்டார்.

வெல்டர் சத்தியம் பண்ணினார், கெஞ்சினார். பழி விழுந்த நாளிலிருந்து பாவம் ராத்திரிச் சோற்றை மோந்து பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிடுகிறான், அவ்வளவு ரோஷக்காரன் என்று அக்காவிடம் சொல்லிக் கண்கலங்கினார். அக்கா கோழிகளை எண்ணிக்கொண்டே கேட்டாள்.

பிறகு இரண்டு நாள் பட்டறையை மூடிப்போட்டு ஒரு இரும்புக் கூடு செய்தார். சுண்டுவிரல் நுழையாத கம்பிவலை, மேலே தகரம். எதுவும் தோண்டிக்கொண்டு வரக்கூடாது என்று வலையை ஒரு அடி ஆழத்துக்கு மண்ணில் இறக்கி வெளிப்பக்கமாக மடக்கிவிட்டிருந்தார். பூட்டு மாமா வாங்கியது. விடியற்காலையில் திறந்துவிடுவது அக்காவின் வேலை என்பதால் சாவி அவள் இடுப்பில்.

அங்கேதான் மாமா மடக்கினார். தன் கட்டிலைக் கூட்டுக்கு எதிரே இழுத்துப் போட்டு, மேனேஜரைச் சங்கிலியால் அதன் காலில் கட்டினார். நாயைக் கட்டினதும் திருட்டு நின்றுபோனால் திருடன் யார் என்று சொல்லவும் வேண்டுமா? மாட்டு டாக்டர் காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

ஓட்டையே இல்லாத அந்தக் கூட்டைப் பார்க்கப் பார்க்க வெல்டருக்கு அழுகை முட்டியது. நாயைக் காப்பாற்றச் செய்த கூடு இப்போது நாய்க்கே எமனாகிவிட்டது. கீரியோ நரியோ பாம்போ, ஏதாவது ஒன்று வந்து ஒரே ஒரு கோழியைத் தூக்கிக்கொண்டு போகட்டும் என்று தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாவற்றையும் வேண்டினார். தானே போய் வலையை வெட்டிவிடலாமா என்றுகூட நினைத்தார். எதிரே மாமா கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் விட்ட குறட்டையில் தூக்கம் கெட்ட மாமா, விடிகிற நேரத்தில்தான் கண்ணயர்ந்தார். அக்காவின் குரல் கேட்டுத்தான் விழித்தார். பத்துதான் இருக்கிறது, கறுப்புக் கோழியைக் காணோம் என்றாள்.

நாய் சங்கிலியில் கட்டினபடியே கிடந்தது. பூட்டும் பூட்டினபடியேதான் இருந்தது என்றாள் அக்கா. மாமா வெல்டரை முறைத்தார்.

“அப்புறம் எப்படி மாப்பிள்ளை போச்சு?”

இருபது வருஷத்தில் தன் வேலையை ஒருவர் குறை சொல்ல விட்டதில்லை வெல்டர். கேட் ஆடுகிறது என்று சொன்ன ஒரு பாவத்துக்காகப் பக்கத்து வீட்டுக்காரரோடு ஆறு மாதம் பேசாமல் இருந்தவர். இப்போது தலையைக் குனிந்துகொண்டார்.

“பின்னாடி மூலையில ஒரு இடத்துல வெல்டிங் வைக்காம விட்டுட்டேன் மாமா. என் தப்புதான்.”

பச்சைப் பொய். அந்த மூலையை யானை உதைத்தாலும் அசையாது. ஆனால் ராத்திரிப் பனியில் இடுப்பு பிடித்துக்கொண்ட மாமாவால் குனிந்து பார்க்க முடியவில்லை. கீரி வேலைதான் என்று அவரே முடிவு கட்டி, டாக்டரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, மேனேஜரின் தலையைத் தடவி மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

மத்தியானம் பட்டறைக்கு அக்கா சாப்பாட்டுக் கூடையோடு வந்தாள். இறக்கி வைத்த கூடை தானாக ஆடியது. மேலே மூடியிருந்த துணியை விலக்கினாள். கறுப்புக் கோழி தலையை நீட்டியது.

விடியற்காலையில் தானே எடுத்துக் குளியலறையில் ஒளித்து வைத்ததாகச் சொன்னாள். நாலு நாள் இங்கே இருக்கட்டும், பிறகு எங்கேயோ கிடைத்தது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றாள்.

அத்தனை பேரும் கைவிட்ட நேரத்தில் அக்கா ஒருத்தி விடவில்லையே என்று வெல்டர் உருகிப்போனார்.

“நீ ஒருத்தியாவது அவனை நம்பினியேக்கா.”

மேனேஜர் படுக்கையிலிருந்து எழுந்து வந்து கூடையின் பக்கத்தில் உட்கார்ந்தார். அக்கா சட்டென்று கூடையை இடுப்புக்கு மேலே தூக்கிக்கொண்டாள்.

“முதல்ல அவனைக் கட்டுடா. மூணையும் அவன் தின்னதை நான் பார்த்தேன்.”