கட்டிலில் இரண்டு துப்பாக்கிகள்

ராஜேந்திரா இரண்டு துப்பாக்கிகளையும் கட்டில்மேல் கிடத்தியிருந்தான். மெத்தை முந்தின நாளே விற்றுப் போயிருந்தது. வெறும் பலகை.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கனடாவுக்கு விமானம் ஏறுகிறவன் அவன். அந்த வருடம் அந்தத் தீவு நாட்டில் ராணுவம் இரண்டு தடவை ஆட்சியைப் பிடித்திருந்தது. பா ஊர்ப் பக்கத்து இந்தியக் கரும்புக்காரர்கள் ஒவ்வொரு வீடாகக் காலி செய்துகொண்டிருந்தார்கள்.

"தோள்ல வெச்சுப் பாரு மச்சான். சட்டை வாங்குற மாதிரிதான். உடம்புக்குச் சரியா உக்காரணும்."

அடுத்த தோட்டத்துப் பல்ராம் நீளமானதை எடுத்தான். அவன் மனைவி இந்திராவதி கதவோரம் நின்று பார்த்தாள்.

அவளுக்கு மனசு நிறைந்திருந்தது.

ஆக்லாந்திலிருந்து பல்ராமின் அண்ணன் அனுப்பிய வேலைக் காகிதம் வந்து பதினொரு நாள். போனால் அவன் மட்டும்தான் போகலாம். அவளையும் பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொள்ள எத்தனை வருடம் ஆகுமோ. போகாதீங்க என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அவன் பதில் சொல்லவில்லை.

இன்று காலை, காட்டுப்பன்றி கிளறிப் போட்ட மரவள்ளியைப் பார்த்துவிட்டு வந்தவன், "கிளம்பு, துப்பாக்கி ஒண்ணு பாத்துட்டு வரலாம்" என்றான்.

போகிறவன் எங்கேயாவது துப்பாக்கி வாங்குவானா, நீங்களே சொல்லுங்கள். அவள் அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள். தலை வாரிக்கொண்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு கூடவே வந்தாள்.

நீளமானது பல்ராமின் தோளில் பாந்தமாக உட்கார்ந்தது. கழுத்தை வளைக்காமலே கன்னம் மரக்கட்டையில் படிந்தது.

அதைக் கீழே வைத்துவிட்டான்.

குட்டையானதை எடுத்துத் தூக்கிப் பிடித்தான். அவன் கட்டைவிரலே அவன் மூக்கில் இடித்தது.

"அது உனக்கு ஆகாதுய்யா," என்று ராஜேந்திரா சிரித்தான். "சுட்டா பன்னி பொழைச்சுக்கும், ஒன் மூக்குதான் போகும்."

பல்ராம் சிரிக்கவில்லை. குண்டு இல்லையென்று திறந்து பார்த்துக்கொண்டு, திரும்பினான்.

"இந்திரா, இதப் பிடி."

பத்து வருடக் குடித்தனத்தில் அவள் துப்பாக்கியைத் தொட்டதில்லை. அவளுடைய முழங்கை மடிப்பில் கட்டையை வைத்து, விரல் விசைவரை போகிறதா என்று அவனே அளந்தான். தோளில் ஏற்றினான். காதோர முடியை ஒதுக்கி, அவள் கன்னத்தை உள்ளங்கையால் மெல்ல மரத்தின்மேல் சாய்த்தான்.

துப்பாக்கி அவளுக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது.

ராஜேந்திராவின் சிரிப்பு நின்றுவிட்டது. "லைசென்ஸ் யாரு பேருக்கு மாத்தணும்?" என்று தணிந்த குரலில் கேட்டான்.

"அவ பேருக்கு."

பதினொரு நாளாக வராத பதில் அப்போதுதான் அவளுக்கு வந்தது.

பல்ராம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தோளையும் கட்டையையுமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சௌகரியமா இருக்கா?"

ஜன்னலுக்கு வெளியே ஒரு கரும்புத் தோகையைக் குறிவைத்துக் குழல் ஆடாமல் நின்றது. அவள் விரல் விசையின்மேல் இதமாகப் படிந்திருந்தது.

"இல்ல," என்றாள். "வெரல் எட்டவே இல்ல. அந்தப் பெருச வாங்குங்க."