உத்தரவு, தளபதி!

விண்வெளிப் படைகள் மோதும் அந்தப் பழைய கணினி விளையாட்டின் மேல் ஜனங்களுக்கு இன்னும் மோகம் தீரவில்லை. இப்போது அதில் கனிமம் சுமக்கும் சிப்பாய்கள் நிஜ மனிதர்கள். எண்ணூர்க் கிடங்கொன்றில், ஆட்டத் திரையில் கனிமமாகத் தெரியும் பெட்டிகளைத் தூக்கும் பரிமளமும் அவர்களில் ஒருத்தி. எங்கோ இருக்கும் ஆட்டக்காரர் மவுஸால் அவளைத் தட்டினால் தலைக்கவசம் அதிரும். உடனே அவள், "உத்தரவு, தளபதி!" என்று சொல்லியாக வேண்டும்.

அன்று ஆட்டக்காரர் ஒருவர் வேலை எதுவும் கொடுக்காமல் அவளைத் தட்டிக்கொண்டே இருந்தார். அந்தக் காலத்தில் ஓயாமல் தட்டினால் பொம்மைச் சிப்பாய்கள் எரிச்சலில் திட்டுமாம். அதைக் கேட்கவே பலர் ஆடினார்களாம். முப்பதாவது தடவை பரிமளத்தின் குரல் உடைந்து அழுகை வந்துவிட்டது. கவசத்தின் வழியே அவள் காதுக்குள் அவருடைய சிரிப்பு கேட்டது.

மேற்பார்வையாளர் துரைக்கண்ணு ஓடிவந்தார். "உனக்கு யோகம் அடிச்சிருக்கு பரிமளம்! நீ அழுதது அவருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சாம். நாளைக்கும் நீதான் வேணுமாம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மனுசங்களா சார் இவங்க?"

"கோவப்படாதம்மா. பார்த்துட்டிருக்கிற இன்னும் நாப்பது பேர் உன்னைக் கேட்டிருக்காங்க."

பரிமளம் கவசத்தைக் கழற்றி, அதற்குள் காறித் துப்பி, அவர் கையில் திணித்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

கவசத்துக்குள்ளிருந்து நாற்பது பேர் கைதட்டினார்கள்.