தலைவருக்கு ஒரு கூடாரம்

இன்று லோவெல் புகுந்த மூன்றாவது கூடாரம் இது. முதலாவதின் துணி சல்லடை மாதிரி இருந்தது. இரண்டாவதில் நிமிர்ந்தால் தலை இடித்தது. இதுதான் கூடாரம்: தடித்த கேன்வாஸ், ஆள் உயரச் சுவர், ஓரமாக இரும்பு விறகடுப்பு, கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகும் புகைக்குழாய்.

அடுப்பில் ஒரு சுள்ளிகூட எரியவில்லை. ஆனாலும் விரல்களுக்கு உயிர் திரும்பியிருந்தது. கேன்வாஸைத் தடவிப் பார்த்தவனுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

அவனுடைய சொந்தக் கூடாரம் நேற்று இரவு பிட்டர்ரூட் மலையில் பனியின் பாரம் தாங்காமல் அவன் மேலேயே படுத்துக்கொண்டது. அதற்கடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தவனிடம் மிஞ்சியது பாக்கெட்டில் இருந்ததும், இடுப்பில் இருந்த பெல்ட்டும்தான். பெல்ட்டின் வெள்ளிப் பக்கிளில் 'தலைவர்' என்று பொறித்திருந்தது. தேர்தல் முடியும்வரை பொறுக்க முடியாமல் முன்கூட்டியே செய்துகொண்டது.

வேட்டைக்காரர் சங்கத் தலைவர் பதவிக்கு லோவெல் இரண்டு தடவை நின்று தோற்றவன். இந்தத் தடவையும் தோற்றால் அந்த பெல்ட்டை நாயின் கழுத்தில் கட்டிவிடுவதாக மனைவி மார்லிஸ் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

எதிரில் நிற்பவன் டுவேன். இரண்டு பேருக்கும் வாய்க்குக் குறைச்சல் இல்லை. கூடாரத்துக்குள் அடுப்பு வைக்கிறவன் வேட்டைக்காரன் இல்லை, சமையல்காரன் என்று காபிக் கடையில் ஊரே கேட்க முழங்கினான் லோவெல். டுவேன் விடுவானா? தன் தாத்தா ஒற்றை மான் தோலைப் போர்த்திக்கொண்டு வெறும் பனியில் தூங்கியவர் என்றும், அந்தத் தோலும் அந்த ரத்தமும் தன்னிடம்தான் இருக்கிறது என்றும் மார்தட்டினான்.

கேட்டுக் கேட்டு அலுத்துப்போன சங்கத்துப் பெரியவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இரண்டு பேரும் ஆளுக்கொரு முகட்டில், அடுப்பில்லாமல், ஒரு வாரம் தங்கட்டும். மலையைவிட்டு இறங்குகிறவன் தோற்றவன்.

கைப்பேசி அதிர்ந்தது. டுவேன்தான். லோவெல் வாசல் துணியை அவசரமாக இழுத்து மூடிவிட்டுக் காதில் வைத்தான்.

"என்ன தலைவரே, உசுரோட இருக்கீங்களா?" டுவேன் கிசுகிசுத்தான்.

"எனக்கென்ன, வேர்க்குது," என்று லோவெல்லும் கிசுகிசுத்தான். வேர்த்தது மட்டும் உண்மை.

"ஏன்யா ரகசியம் பேசற?"

"பக்கத்துல மான் நிக்குது. நீ ஏன் முணுமுணுக்கற?"

"இங்கயும் மான்தான்."

சொல்லி வாய் மூடவில்லை, எல்க் மான் ஒன்று விசில் அடிப்பதுபோல் நீளமாகக் கூவியது. அதே நொடியில் அதே கூவல் கைப்பேசிக்குள்ளிருந்தும் வந்தது. ரெண்டு முகட்டுக்கும் கேக்குதுன்னா எவ்வளவு பெரிய மானா இருக்கும் என்று டுவேன் வியந்தான். லோவெல்லும் ஆமோதித்தான். எல்க் மான் இணை தேடிக் கூவுவது செப்டம்பரில். இப்போது நவம்பர் முடியப்போகிறது. காலமெல்லாம் காட்டிலேயே கிடந்ததாகச் சொல்லிக்கொள்ளும் இருவரில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

டுவேனின் குரல் இன்னும் இறங்கியது. பெரியவர்கள் நாளைக் காலையில் குதிரையேறி இரண்டு முகடுகளுக்கும் வந்து பார்க்கப்போகிறார்களாம். இப்போதுதான் அவனுக்குத் தகவல் வந்ததாம்.

விடிவதற்குள் முகட்டில் ஒரு கூடாரம் நிற்க வேண்டும், அதற்குள் லோவெல் உயிரோடு இருக்க வேண்டும். அடுப்பில்லாமல் இன்னோர் இரவு என்றால் முதலாவது நடந்தாலும் இரண்டாவது நடக்காது. இந்தக் கூடாரம்தான் கதி. எப்பாடு பட்டாவது இதை மேலே கொண்டுபோய்விட வேண்டும். குதிரைகள் தென்பட்டதும் புகைக்குழாயைக் கழற்றி மரத்துக்குப் பின்னால் ஒளித்துவிடலாம். அடுப்பின் மேல் கம்பளியைப் போட்டு உட்கார்ந்துகொண்டால் முக்காலி.

"வரட்டுமே," என்றான் லோவெல். "நீதான் பாவம், இழுத்துப் போத்திக்க ஒரு கம்பளியாவது வச்சிருக்கியா?"

"தாத்தாவோட மான் தோலைப் போத்திக்கிட்டு உக்காந்திருக்கேன். அதுவே புழுங்குது." டுவேன் சற்றுத் தயங்கினான். "இதப் பாருய்யா, முடியலன்னா நீ எறங்கிடு. யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

அந்தக் குரலில் இருந்தது அக்கறையா, கெஞ்சலா என்று லோவெல்லுக்குப் பிடிபடவில்லை. கெஞ்சல் மாதிரிதான் பட்டது. ஒரு கணம், எல்லாவற்றையும் அவனிடம் கொட்டிவிடலாமா என்றுகூட இருந்தது. கை தானாகப் பெல்ட்டின் பக்கிளைத் தொட்டது. நாயின் கழுத்து நினைவுக்கு வந்தது.

"நானா? எறங்கறதா? என் பொணம்தான்யா எறங்கும்."

"என்னோடதும்தான்," என்றான் டுவேன், அழுதுவிடுகிறவன் மாதிரி.

வெளியே காலடிச் சத்தம் கேட்டது. லோவெல் கைப்பேசியை மார்போடு அமுக்கிக்கொண்டு அடுப்புக்குப் பின்னால் ஒடுங்கினான். வாசல் துணி விலகியது. ஓர் இளம்பெண் தலையை நீட்டினாள்.

"கடை மூடற நேரம் சார், ஸ்பீக்கர்ல மான் சத்தத்தகூட நிறுத்தப்போறோம். பக்கத்துக் கூடாரத்துல மான் தோலைப் போத்திக்கிட்டு போன்ல குசுகுசுன்னு பேசறாரே, அவரும் உங்ககூட வந்தவரா?"