கைப்பிடி இல்லாத கார்

“எதிர்க்கடைக்காரன் டாக்டர் கையை உடைச்சிட்டான்டா!”

கொதித்துப்போய்ப் பட்டறைக்குள் நுழைந்தார் அண்ணன். ஏதோ அடிதடி என்று நினைத்துவிட வேண்டாம். உடைத்தது எதிர்க்கடைக்காரன் விற்ற பெட்ரோல் கார். அதைக் கிளப்ப முன்பக்கம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். அது எதிர்ப்பக்கம் உதறி டாக்டரின் மணிக்கட்டைப் பதம் பார்த்துவிட்டது.

கார் என்பதே ஊருக்குப் புதிதாக இருந்த காலம். அண்ணனும் தம்பியும் செய்தது பேட்டரி கார். புகை கிடையாது, இரைச்சல் கிடையாது, பொத்தானை அமுக்கினால் கிளம்பிவிடும். வாங்கத்தான் ஆளில்லை. செய்து நிறுத்தியிருக்கும் இந்த ஒன்றாவது விற்காவிட்டால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

“பேட்டரி கார் பாதி வழியில நின்னுடும், பாதி வழியில நின்னுடும்னு சொல்லியே நம்ம பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டான் படுபாவி! கை உடைஞ்சாலும் அங்கயே போய் விழறாங்களே, இவங்கள என்னத்தச் சொல்றது?”

தம்பி மென்று விழுங்கினான். “அண்ணே, திட்டாத. போன மாசம் அவன் நம்மகிட்ட ஒரு பேட்டரி கேட்டான். குடுத்துட்டேன்.”

“அவனுக்கா? அறிவு இருக்காடா உனக்கு? பெட்ரோல் காருக்கு எதுக்குடா பேட்டரி?”

“விளக்கு எரியறதுக்கா இருக்கும்.”

“எரியட்டும், நல்லா எரியட்டும்! இதுவரைக்கும் இருட்டுல உடைச்ச கையை இனிமே வெளிச்சத்துல உடைக்கட்டும்!”

அந்த நேரம் பார்த்து டாக்டரின் மனைவியே வாசலில் வந்து நின்றார்.

“இனிமே எங்க வீட்டுல கைப்பிடி சுத்தற வண்டியே கூடாது. பட்டனை அமுக்கினா கிளம்பணும். சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணனுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அவரே துணியை எடுத்துக் காரைத் துடைக்க ஆரம்பித்தார். “அவன் கடையில உக்காந்து ஈ ஓட்டப்போறான் பாரு!”

சாயங்காலம் அந்த அம்மாள் சொன்னபடி வந்தார். ஆனால் நேரே எதிர்க்கடைக்குள் போய்விட்டார். அண்ணன் விடுவாரா? துடைத்த துணியோடு தெருவைத் தாண்டி ஓடினார்.

“ஏம்மா, வீட்டுக்காரர் கையை உடைச்சவன்கிட்டயே வந்து நிக்கிறீங்களே! உங்களுக்கே நல்லாருக்கா?”

அந்த அம்மாள் ஒரு புதுப் பெட்ரோல் காருக்குள் உட்கார்ந்திருந்தார். காரின் முன்னால் ஆளும் இல்லை, கைப்பிடியும் இல்லை. அண்ணனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உள்ளே ஒரு பொத்தானை அமுக்கினார். இன்ஜின் தானாகச் சுழன்று உறுமியது.

எதிர்க்கடைக்காரன் வாயெல்லாம் பல்லாக ஓடி வந்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“உங்க பேட்டரி பிரமாதம்ண்ணே!”