முதலில் ஆசிரியருக்கு

“பிரஸ் கவுன்சிலுக்குப் புகாரா? டைப் பண்ணிடலாம், சொல்லுங்கம்மா” என்றாள், திருத்தணி பஸ் ஸ்டாண்டு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மோனிகா.

ஜெயம்மா ஒரு வாரப் பத்திரிகையை விரித்தாள். மணல் லாரிகளைப் பற்றி எழுதிய நிருபர் பிரேமாவின் படம். கீழே, ‘இனியும் எழுதினால் இவளுக்குக் கை இருக்காது.’

“அடப்பாவி, இதையா அச்சடிச்சுக்கினு இருக்கான்! பெத்தவங்களுக்கு எப்படி இருக்கும்?” என்றாள் மோனிகா.

“வயிறு எரியுதும்மா. நீ அடி.”

மோனிகா கம்ப்யூட்டரில் விதிமுறையையும், பத்திரிகையில் ஆசிரியர் பெயரையும் பார்த்தாள். “மொதல்ல அந்த ஆசிரியர் இளம்பரிதியையே கேக்கணுமாம். பதில் சரியில்லைன்னாதான் இவங்க எடுப்பாங்களாம். கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

“எப்படி? தபாலா, மெயிலா?”

“சோறு போடும்போது கேட்டேன்.”

“இன்னாம்மா சொல்றீங்க?”

“என் புள்ளதான். ஒரே புள்ள. தட்டைத் தள்ளிட்டு எழுந்து போனவன், வீட்டுப் பக்கமே வரல.”

“அப்ப… புகார் வேணாமா?”

“ஏன் வேணாம்? எழுத்துலதான் கேக்கணும்னா அதை மொதல்ல அடி. ‘மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு’ன்னு போடு. சரியான பதில் வரலைன்னா புகாரை டெல்லி கவுன்சிலுக்கு அனுப்பிடு.”

மோனிகா அடித்து முடித்ததும் ஜெயம்மா மெல்லக் கேட்டாள்:

“எதுனா ஒரு பதில் போடுவான் இல்ல?”