நன்றி சொல்லாதவன்

"இது கம்பளியா, மீன் வலையா? எட்டு ரியாலாம். விலையைக் கேட்டாலே குளிருது" என்று யூலாலியா உதறிக் காட்டினாள்.

வாசலில் மூட்டையை இறக்கியிருந்த வியாபாரி, மழித்த தாடையைச் சொறிந்தான். "அசல் லாமா ரோமம், அம்மணி. சால்ட்டா ஊர் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது."

முற்றத்தில் சார்ஜென்ட் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஸ்பெயினிலிருந்து வந்து இரண்டு மாதம்தான். யூலாலியாவின் புருஷன் மலையில் ஸ்பெயினை எதிர்க்கும் கலகக்காரர்களோடு திரிகிறான், என்றைக்காவது பெண்டாட்டியைப் பார்க்க இறங்குவான் என்று அவரை இந்த வீட்டிலேயே குடிவைத்திருந்தார்கள்.

"துக்குமான் ஊர்ல நாலு பேர் கூடி, 'இனி இது எங்க நாடு'ன்னு எழுதிட்டா நாடாயிடுமா? உன் புருஷன் வரட்டும், இதுகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று துப்பாக்கியைத் தட்டினார்.

"அவரு எங்களை மறந்து மூணு வருஷமாச்சு, ஐயா."

சுரைக்குடுக்கையில் மாத்தே இலை போட்டு வெந்நீர் ஊற்றினாள். வெள்ளிக் குழாயில் முதலில் தான் உறிஞ்சிவிட்டு, வியாபாரியிடம் நீட்டினாள்.

"ஒரே குழாயா? சீ" என்றார் சார்ஜென்ட்.

"பகையாளி வந்தாலும் இங்க இப்படித்தான். உங்களுக்கும் ஒரு வாய்?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேரம் நீண்டது. குடுக்கை போய்ப்போய் வந்தது.

"நாலு ரியால். உள்ள பிள்ளை குளிர்ல நடுங்குதேன்னு பார்க்கிறேன்."

"நாலுக்கு ஆடுகூட முதுகைக் காட்டாது, அம்மணி. பனி உருகட்டும், இதைவிட நல்லதாக் கொண்டு வர்றேன்."

"இந்தப் பேச்சை நம்பித்தான்யா மூணு குளிர்காலம் கிழிஞ்ச போர்வையில கிடந்தேன். கிளம்பு."

வியாபாரி எழுந்தான். கம்பளியை மட்டும் எடுக்கவில்லை. "பிள்ளைக்குப் போர்த்திப் பாருங்க. அடுத்த தடவை விலை பேசிக்கலாம்."

விலை முடியாமல் சரக்கை விட்டுப்போகும் வியாபாரி உலகத்தில் கிடையாது. சார்ஜென்ட் வியாபாரி வீட்டில் பிறந்தவரல்ல, சிரித்தார்.

"மடையன். மரியாதையும் தெரியாதவன். இத்தனை தடவை வாங்கிக் குடிச்சானே, நன்றின்னு ஒரு வார்த்தை சொன்னானா?"

"இங்க குடுக்கையைத் திருப்பித் தரும்போது நன்றி சொன்னா, 'போதும், இனிமே ஊத்தாதே'ன்னு அர்த்தம், ஐயா. ஓசியில குடிக்கிறவன் சொல்வானா?"

கதவைச் சாத்திவிட்டு வந்து, இன்னும் ஆறாத அந்தக் குழாயில் உதட்டை வைத்தாள்.

மூன்று வருஷம் கழித்து வந்த புருஷன், போதும் என்று சொல்லாமல்தான் போயிருக்கிறான்.