வியாழன்தோறும்

தங்கை பெட்டியோடு வந்து இறங்கியதுமே அக்காவுக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது.

தங்கையின் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். வியாழக்கிழமை ஆனால் இருட்டிய பிறகுதான் வீடு வருகிறான். கேட்டால், எங்கேயோ லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது என்கிறான். கம்பெனிக்குப் போன் போட்டால், வியாழக்கிழமைகளில் அவன் சீக்கிரமே கிளம்பிவிடுகிறான் என்றார்களாம்.

அக்கா தைத்துக்கொண்டிருந்த துணியை மிஷினிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். கத்தரிக்கோலைவிட வாய் கூர்மை என்று பேர் வாங்கிய டெய்லர் அவள். போன் போட்டு மெக்கானிக்கை வரவழைத்தாள்.

வந்தவன் ஹாலில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். அக்காவின் புருஷன், லாரி டிரைவர், ஜன்னலோரம் பேப்பரும் கையுமாக இருந்தார்.

குடியா, சீட்டாட்டமா, வேறு பெண்ணா என்று அக்கா குடைந்தாள். எல்லாவற்றுக்கும் இல்லையென்று தலையாட்டினான். பின்னே எங்கேதான் போகிறாய் என்றால் தரையைப் பார்த்தான்.

"தப்பு எதுவும் பண்ணலைக்கா. அதுக்கு மேல என்னைக் கேட்காதீங்க."

தங்கை பெட்டி மேல் தலையைச் சாய்த்து அழ ஆரம்பித்தாள்.

அக்காவுக்கு ஆத்திரம் வந்தது. தங்கைக்காக மட்டும் இல்லை. அவள் கட்டிலிலும் வருஷக்கணக்கில் ஒரு முதுகுதான் அவளைப் பார்த்துப் படுத்திருக்கிறது. தொட்டால், வண்டி ஓட்டின அசதி என்பார். அவளும் துருவிக் கேட்டதில்லை. கண்ணாடி முன்னால் நின்று தன் உடம்பைத்தான் திட்டிக்கொள்வாள்.

"பொண்டாட்டிகிட்ட மறைக்கிறவனுக்கும், அவளைத் தொடாம தள்ளிப் படுக்கிறவனுக்கும் வெளியில ஆள் இல்லாமலா இருக்கும்? எல்லா ஆம்பளையும் ஒண்ணுதான்."

டிரைவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"சகலை, உன் பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போ."

"வேண்டாம் அண்ணே. அக்கா திட்டிட்டுப் போகட்டும்."

"எனக்காக நீ வாங்கிக் கட்டிக்கிட்டது போதும்ப்பா."

தங்கை தலையை நிமிர்த்தினாள். டிரைவர் மனைவியைப் பார்க்காமலே பேசினார். சர்க்கரை நோய் நரம்பையும் ரத்த ஓட்டத்தையும் கெடுத்துவிட்டதாம். மனசில் ஆசை இருந்தும் உடம்பு ஒத்துழைக்கவில்லை. மறுபடி தோற்றுவிடுவோமோ என்கிற பயம் அதை இன்னும் மோசமாக்கிவிட்டது. அதனால்தான் முதுகைக் காட்டிப் படுத்தார். லேகியக்காரனிடம் ஏமாந்து நின்றபோது, இதுவும் ஒரு வியாதிதான், வைத்தியம் இருக்கிறது என்று டாக்டரிடம் இழுத்துப் போனவன் சகலை. தனியாகப் போனால் ஆஸ்பத்திரி வாசலிலேயே திரும்பிவிடுகிறார் என்று வியாழக்கிழமைதோறும் கூடவே வந்தான். யாரிடமும் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கியது அவர்தான். இப்போது சர்க்கரை இறங்கியிருக்கிறது, மாத்திரையும் கேட்கிறது.

அக்கா மெல்லச் சுவரோரம் உட்கார்ந்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"டாக்டர் முதல் நாளே உன்னைத்தான் கூட்டிட்டு வரச் சொன்னாரு. எனக்குத் தைரியம் வரலை" என்றார் டிரைவர். "நீ உட்கார வேண்டிய நாற்காலியில, இத்தனை நாளும் இவன்தான் உட்கார்ந்திருந்தான்."